மழை விட்ட பிறகுதான் மரத்துக்கு ஆபத்து

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு ஊர்களும் மரத்தின் பெயரைச் சுமப்பவை. பாதிரி மரம் தல விருட்சமாக இருப்பதால் திருப்பாதிரிப்புலியூர். தில்லை மரம் காடாக நின்றதால் தில்லை. இன்று தில்லையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், சிதம்பரத்திலிருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் போய், பிச்சாவரத்தில் படகு ஏற வேண்டும். உப்புத் தண்ணீரில் கால் நனைய நிற்கிறது. ஆண்டு முழுக்க நின்றாலும் அழுகுவதில்லை. (கிளையை ஒடிக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பெரும் அவஸ்தை.)

அதே பிச்சாவரத்தில் வெண்கண்டல் மரத்தடியைக் கவனித்தால், சேற்றில் பென்சில்களை நட்டு வைத்ததுபோல் வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அவை மூச்சுவிடும் வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை என்பதால் அந்த மரம் மூக்கை வெளியே நீட்டி வைத்திருக்கிறது.

நம் வீட்டுத் தோட்டத்து எலுமிச்சைக்கும் பப்பாளிக்கும் முருங்கைக்கும் பலாவுக்கும் அந்த வசதி கிடையாது. அவற்றின் வேர் மண் துகள்களுக்கு நடுவே உள்ள காற்றைத்தான் சுவாசிக்கிறது. அந்த இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்து நாலைந்து நாள் நின்றால், வேர் மூச்சுத் திணறிச் சாக ஆரம்பிக்கும். விஷயம் என்னவென்றால், அப்போது மேலே ஒன்றும் தெரியாது. இலை பச்சையாகவே இருக்கும். வீட்டுக்காரரும் “நல்லவேளை, மழைக்கு மரம் தப்பிச்சுது” என்று நிம்மதியாகிவிடுவார்.

கதை தெரிய வருவது தை மாதத்தில்.

பொங்கல் முடிந்து வெயில் கொஞ்சம் ஏறியதும் உரக்கடைகளில் கேட்கும் பேச்சு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். “அண்ணே, எலுமிச்சை வாடுது. தினமும் ரெண்டு குடம் ஊத்துறேன். அப்பவும் வாடுது. ஏதாவது மருந்து குடுங்க.” கடைக்காரரும் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். மருந்தும் போகும், மரமும் போகும். அந்த மரத்தைக் கொன்றது பெரும்பாலும் அந்த ரெண்டு குடம்தான்.

வேர் அழுகிய செடியும் தாகத்தில் தவிக்கும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் துவளும், இரண்டிலும் இலை மஞ்சளாகி உதிரும். காரணம் எளிது. வேர் இல்லாத மரத்துக்குத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தாலும் குடிக்க வாயில்லை. அந்த நேரத்தில் மேலும் தண்ணீர் ஊற்றினால் மிச்சமுள்ள வேரும் மூழ்கும்.

ஆகவே செடி வாடினால் குடத்தைத் தூக்குமுன் களைக்கொத்தைத் தூக்குங்கள். அடிமரத்திலிருந்து ஓரடி, ஒன்றரை அடி தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டுங்கள். மண்ணை ஒரு பிடி எடுத்து மோந்து பாருங்கள். நல்ல மண்ணுக்கு மழை வாசனை இருக்கும். சாக்கடை வாடை அடித்தால் உள்ளே காற்றில்லை என்று பொருள். பிறகு பென்சில் பருமனுக்கும் குறைவான ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து உருவுங்கள். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ கெட்டியாக இருந்தால் வேர் உயிரோடு இருக்கிறது. பழுப்பாகி, மேல்தோல் உறைபோலக் கழன்று, நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகல்.

இந்த அழுகலைச் செய்யும் கிருமிகளில் முக்கியமான இரண்டு, பித்தியம், ஃபைட்டோப்தோரா. பூஞ்சை என்றே நாம் சொன்னாலும் இவை அசல் பூஞ்சைகள் இல்லை. நீரோடு உறவுள்ள தனி இனம். இவற்றின் வித்துகளுக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்து நாட்டையே பஞ்சத்தில் தள்ளியதும் ஃபைட்டோப்தோரா குடும்பத்து உறுப்பினர்தான். தோட்டத்தில் தண்ணீர் தேங்கினால் இவற்றுக்கு நீச்சல் குளம் கட்டிக் கொடுத்த மாதிரி.

பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டில் மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். பலாவும் முந்திரியும் அங்கே செழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் களிமண். நெல்லுக்கு அருமை, எலுமிச்சைக்கு ஆகாது. பண்ருட்டியில் ஆசையாக வாங்கி வந்த பலாக்கன்றைச் சிதம்பரத்து வீட்டுக் கொல்லையில் குழி வெட்டி நட்டால், அந்தக் குழி களிமண் தொட்டியாகி மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே குழியை மறந்துவிட்டு, ஒன்றரை இரண்டடி உயரத்துக்கு மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்து மேடு போட்டு, மேட்டின் மேல் நட வேண்டும். ஏற்கெனவே பள்ளத்தில் நிற்கும் மரமென்றால், அடியிலிருந்து தண்ணீர் ஓடிப்போக ஒரு வாய்க்கால். ஒரு மண்வெட்டி அகலம் போதும். மருந்துச் செலவில் பாதியை அந்த வாய்க்கால் மிச்சப்படுத்தும்.

வெள்ளம் வந்த ஊர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரின் தெருக்களுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்குள் இருந்த சேற்றை எல்லோரும் கழுவித் தள்ளினார்கள். மரத்தடியில் படிந்த வண்டலை “நல்ல உரம்தானே” என்று அப்படியே விட்டவர்கள் பலர். உரம்தான். ஆனால் அடிமரமும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியை அது மூடினால், பட்டை எப்போதும் ஈரமாக இருந்து அங்கிருந்தே அழுகத் தொடங்கும். வண்டலை இழுத்துப் பாத்தியில் பரப்புங்கள், மரத்தின் கழுத்தைப் பழையபடி வெளியே தெரிய விடுங்கள். முற்றத்துக்குச் சிமென்ட் போடும்போது அடிமரத்தை ஒட்டியே பூசிவிடுவதும் இதே தப்புதான். தெரு வெள்ளத்தைவிட, காலாகாலத்துக்கும் நிற்கும் இந்தச் சிமென்ட்தான் மரத்துக்குப் பெரிய சங்கடம்.

இனி தென்னைக்கு வருவோம். இந்தக் கடலோரத்தில் ஒரு வீட்டில் மரம் சாவது என்றால் பெரும்பாலும் தென்னை சாவதுதான். அதுவும் ஒன்று போனால் பக்கத்து வீட்டிலும் ஒன்று போகும் என்பதுதான் பயம்.

அடிமரத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள், செம்பழுப்பு நிறத்தில் சாறு கசிந்து வழிந்த தடம் தெரிந்தால் அன்றே கவனிக்க வேண்டும். இதற்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர். புயலடித்த 1952-இல் தமிழ்நாட்டில் முதலில் தஞ்சை மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்தப் பெயர். செய்வது கேனோடெர்மா என்ற பூஞ்சை. மண்ணுக்குள் வேரோடு வேராகப் பரவும். கடலோர மணல் மண்ணில், கோடையில் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டு, மழையில் மூழ்கவிட்ட தோப்புகளில் அதிகம் வரும். ஆக, இங்கே மழைநீர் மட்டும் குற்றவாளி இல்லை. சித்திரையில் காட்டிய கஞ்சத்தனமும் கூட்டுக் குற்றவாளி.

கசிவுக்குப் பிறகு அடி மட்டைகள் மஞ்சளாகி, மரத்தைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். குரும்பை கொட்டும். கொண்டை சிறுத்துக்கொண்டே போகும். கடைசியில், சில சமயம் மரம் செத்த பிறகுகூட, அடியில் அரைவட்டமாக, காம்பில்லாத குடைபோல, மேலே வார்னிஷ் அடித்த பளபளப்போடு ஒரு காளான் முளைக்கும். பிள்ளைகள் அழகாக இருக்கிறதென்று படம் எடுப்பார்கள். அது மரத்தின் மரண அறிவிப்பு.

கசிவு அடியோடு நிற்கும்போதே பிடித்தால் வழி உண்டு. முதலில் நோயுற்ற மரத்தைத் தனிமைப்படுத்த வேண்டும். அடிமரத்திலிருந்து ஐந்தடி தள்ளி, சுற்றிலும் ஓரடி அகலம், இரண்டடி ஆழத்துக்கு அகழி வெட்டினால், இதன் வேர் பக்கத்து மரத்தின் வேரோடு கை குலுக்க முடியாது. பிறகு வட்டப் பாத்தியில் ஒரு சதவீத போர்டோ கலவை, மரத்துக்கு 40 லிட்டர், பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. கூடவே வேர் வழியாக மருந்து கட்டலாம். பென்சில் பருமனுள்ள உயிருள்ள வேர் ஒன்றைத் தேடி, நுனியைச் சாய்வாக வெட்டி, 100 மில்லி தண்ணீரில் 2 மில்லி ஹெக்சகோனசோல் கலந்த பாலித்தீன் பையில் நுழைத்துக் கட்டி, மண்ணை மூடிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை. முற்றிய காய்களை முதலில் பறித்துவிட்டுக் கட்டுங்கள். அதற்குப் பிறகு குறைந்தது ஒன்றரை மாதம் அந்த மரத்து இளநீரைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம், காயும் பறிக்க வேண்டாம்.

நோய் இல்லாத மற்ற மரங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை தலா 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, 200 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, 200 கிராம் சூடோமோனாஸ், தாராளமாகத் தொழு எரு. நடுவே வாழை வைப்பதும் நல்லது என்று வேளாண் துறையினர் சொல்வார்கள். வீட்டுக்கு இலையும் ஆச்சு.

கசிவு ஆள் உயரத்தைத் தாண்டி, மட்டைகளும் தொங்கிவிட்டால்? அப்போது மருந்துக்குக் காசு கொட்டுவது மனசுக்கு ஆறுதல் தரலாம், மரத்துக்கு உதவாது. அப்பா வைத்தது, பேத்தி பிறந்த வருஷம் வைத்தது என்று ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கதை இருக்கும். வெட்டத்தான் மனசு வராது. ஆனால் அந்த மரத்தை நிற்கவிடும் ஒவ்வொரு மாதமும் பக்கத்து மரங்களுக்கு ஆபத்து. அடி அழுகிய தென்னை அடுத்த புயலில் யார் கூரை மேல் விழும் என்பதும் தெரியாது. வெட்டினால் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள். அதே குழியில் உடனே இன்னொரு தென்னம்பிள்ளை வேண்டாம்.

சின்னத் தென்னம்பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் வரும் குருத்தழுகல் வேறு நோய். நடுக்குருத்து வெளுத்து, இழுத்தால் கையோடு வந்துவிடும், நாற்றம் குடலைப் புரட்டும். அழுகிய பகுதியைச் சுத்தமாகச் செதுக்கி எடுத்து, போர்டோ பசையைத் தடவி, புதுக்குருத்து வரும்வரை மழை இறங்காதபடி ஒரு பழைய பிளாஸ்டிக் குடத்தில் ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைக்கலாம். சீக்கிரம் கவனித்தால் பிழைத்துவிடும்.

அதென்ன போர்டோ கலவை? பிரான்சில் போர்டோ என்ற ஊர்ப் பக்கம் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமல் இருக்க, துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொடிகளின் மேல் தெளித்து வைப்பார்களாம். நீலத் திட்டுகளைப் பார்த்தால் விஷமென்று ஓடிவிடுவார்கள் என்று கணக்கு. ஊரெல்லாம் அடிச்சாம்பல் நோய் தாக்கியபோது இந்தக் கொடிகள் மட்டும் இலையோடு நின்றதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். 1885-இல் செய்முறையை வெளியிட்டார். திருடனுக்கு வைத்த பொறியில் பூஞ்சை மாட்டியது.

வீட்டிலேயே செய்யலாம். 100 கிராம் மயில்துத்தத்தைத் தூளாக்கி 5 லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இன்னொரு வாளியில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை நீற்றி, 5 லிட்டருக்குக் கரைத்து வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் சற்றுநேரம் நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், ஒட்டாவிட்டால் சரி. அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும், நாளைக்கு வைத்தால் பலனில்லை. பசை வேண்டுமென்றால் இதே 100 கிராம், 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் செய்யுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது. கையுறை கட்டாயம். சமையல் பாத்திரத்தில் செய்துவிட்டுக் கழுவி அடுக்களைக்குத் திருப்பி அனுப்பும் வேலையே வேண்டாம்.

பலாவுக்கு வருபவை வேறு கவலைகள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதைப் பண்ருட்டிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். தாத்தா காலத்துப் பலாக்கள் வேரோடு சாய்ந்தன. சாய்ந்ததைக்கூட ஒரு கணக்கில் ஏற்றுக்கொள்ளலாம். கிளை முறிந்து, பட்டை கிழிந்து நின்ற மரங்கள் ஏமாற்றிவிடும். அந்தக் கிழிசல் வழியாகப் பூஞ்சை நுழைந்து, நடுமரத்தை ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தின்னும். வெளியே மரம் காய்த்துக்கொண்டே இருக்கும்.

முறிந்த கிளையைத் தொங்க விடாமல் அறுத்துவிட வேண்டும். கிளை மரத்தோடு சேரும் இடத்தில் கழுத்துப் பட்டைபோல ஒரு வீக்கம் இருக்கும். அந்த வீக்கத்தை ஒட்டி, அதை வெட்டாமல் அறுப்பதுதான் சரி. முட்டுக்கட்டையாக ஓரடி விட்டால் அது காய்ந்து அழுகும். மரத்தோடு மரமாக வழித்து அறுத்தால் காயம் பெரிதாகும். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைக் குறுக்கே அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அழுகிய பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. ஆகவே பொந்துக்குள் சிமென்ட் அடைப்பதும் தார் பூசுவதும் வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கும், பொந்தைச் சுரண்டினால் மரம் கட்டிய சுவரும் உடையும். நம் அடைமழைக் காலத்தில் புதிதாக அறுத்த இடத்தில் போர்டோ பசையை ஒரு தடவை பூசுவதில் தவறில்லை. அவ்வளவுதான்.

வீட்டை ஒட்டி நிற்கும் பழைய மரத்தை ஆண்டுக்கு ஒரு முறை, ஐப்பசிக்கு முன்னால், ஒரு கட்டையால் சுற்றித் தட்டிப் பாருங்கள். திடமான மரம் ‘டொக்’ என்று சொல்லும். கோறையானது மேளம்போல் ஒலிக்கும். மேளம் கேட்டால், அடியில் காளானும் இருந்தால், மரத்தடியில் கட்டிய ஊஞ்சலை முதலில் அவிழ்த்துவிட்டு, விவரம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

பலாவில் இன்னொரு புலம்பல், “பிஞ்செல்லாம் கறுத்துக் கொட்டுது” என்பது. இதில் பாதி வீண் கவலை. பலாவில் ஆண் பூங்கொத்தும் சின்னப் பிஞ்சு போலவே இருக்கும். மகரந்தம் உதிர்த்ததும் அது கறுத்து விழுவது இயற்கை. கவலைப்பட வேண்டியது கறுப்புப் பூசணம் படர்ந்து அழுகும் நிஜப் பிஞ்சுகளைப் பற்றி. கீழே விழுந்த ஆண் பூவில் அந்தப் பூசணம் பெருகிப் பிஞ்சுக்குத் தாவும். ஆக, விழுந்ததைக் கூட்டிப் பெருக்கி அப்புறப்படுத்துவதே முதல் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிக்கலாம்.

மழை முடிந்த கையோடு வேப்பமரத்தின் நுனிக்கொழுந்தெல்லாம் தீயில் வாட்டியதுபோல் கருகி நிற்பதைக் கண்டு சிலர் மரம் செத்தது என்று அறுத்தே விடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அது நுனிக்கருகல். கருகிய குச்சிகளை எட்டும் மட்டும் வெட்டிவிட்டுப் பங்குனி வரை பொறுங்கள். பெரும்பாலான மரங்கள் துளிர்த்துவிடும்.

சிதம்பரத்தில் இருந்துகொண்டு கத்தரிக்காயைப் பேசாமல் விட்டால் கொத்சு கோபித்துக்கொள்ளும். மாடித் தோட்டத்துக் கத்தரி நாற்று முளைத்த ஒரு வாரத்தில் தண்டு தரையோடு மெலிந்து சாய்ந்தால், அது நாற்றழுகல். விதை நெருக்கமாக விழுந்தது, சாயங்காலம் தண்ணீர் தெளித்தது, தொட்டியின் ஓட்டை அடைத்தது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். விதைக்குமுன் ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா தூளில் விதையைப் புரட்டுங்கள். காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். டிரைக்கோடெர்மா என்பதும் பூஞ்சைதான், ஆனால் மற்ற பூஞ்சைகளைத் தின்று வாழும் நம் கட்சிப் பூஞ்சை. உயிருள்ள பொருள் என்பதால் பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்த்து வாங்க வேண்டும். போர்டோ ஊற்றிய இடத்தில் அதே நாளில் இதைப் போட்டால், போட்டதை நாமே கொன்றதாகும். பதினைந்து நாள் விட்டுப் போடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் நோய் என்னவென்று பிடிபடவில்லையா? இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். சிதம்பரம் அண்ணாமலை நகரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் இருக்கிறது. கடலூர் - பண்ருட்டிச் சாலைப் பக்கம் பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம், விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம், வட்டாரத்துக்கு வட்டாரம் தோட்டக்கலை அலுவலகம் இருக்கின்றன. போகும்போது காய்ந்த இலை ஒன்றை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது. செத்த இலையில் செத்ததைத் தின்னும் பூஞ்சைதான் இருக்கும். பாதி வாடி, பாதி பச்சையாக உள்ள கிளை ஒன்று, ஒரு கைப்பிடி சிறு வேர், அந்த வேரடி மண், இந்த மூன்றையும் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி எடுத்துப் போங்கள். பாலித்தீன் பை வேண்டாம், போய்ச் சேர்வதற்குள் வியர்த்துப் புதுப் பூசணம் பூத்துவிடும். மரம் நிற்கும் இடத்தைச் சுற்றித் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும்படி செல்போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.